மிளகாயின் உறைப்பும் அதன் பரம்பரையும்



கோப்பாய்ப் பகுதியிலே செம்பாட்டு நிலத்தில் ஐந்தாறு பரப்புக் காணி வைத்துத் தோட்டஞ் செய்யும் முதியவர் ஒருவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். வெண்காயம், மரவள்ளி, கத்தரி, கறிமிளகாய் என்று பருவத்துக்கு ஏற்றபடி மாற்றி மாற்றி நடுபவர். ஒருமுறை அவரைக் காணச் சென்றபோது மனிதர் மிகுந்த கோபத்தோடு வரம்பில் நின்றுகொண்டிருந்தார். சந்தைக்குக் கொண்டுபோன கறிமிளகாய் முழுவதையும் வியாபாரி திருப்பிக் கொடுத்துவிட்டாராம். காரணம், அதிலே பாதி தாங்க முடியாத உறைப்பு. கறிமிளகாய் வாங்குகிறவர்கள் குழந்தைகளுக்கும் நோயாளருக்கும் பாற்கறி வைக்க வாங்குகிறார்கள். ஒருமுறை வாய் எரிந்தவர் அடுத்தமுறை அந்தக் கடைப்பக்கம் திரும்புவாரா?

"தம்பி, எல்லாம் இந்தப் பக்கத்துக் காணிக்காரன் செய்த வேலை. வேலியோரமாய் அவன் பச்சை மிளகாய் நட்டான். அந்த உறைப்பு என்ரை கறிமிளகாயிலை ஏறிப்போச்சு" என்றார் அவர். பக்கத்துக் காணிக்காரர் வேறு யாருமல்லர், அவருடைய மைத்துனரே. இருவருக்கும் மூன்று கிழமையாகப் பேச்சு வார்த்தை இல்லை.

இந்த வழக்கிலே குற்றவாளி யார் என்பதுதான் இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள். கேட்கும்போது சிறிய சங்கதியாகத் தோன்றும். ஆனால் ஒரு செடி தனக்குள்ளே சமைக்கின்ற இரசாயனப் பொருள் அதன் பிள்ளைகளுக்கு எவ்வாறு போய்ச் சேருகின்றது என்ற பெரிய கேள்வி இதற்குள்ளே அடங்கியிருக்கின்றது.

முதலிலே உறைப்பு என்பது யாது என்று பார்ப்போம். நம் முன்னோர் அறுசுவையில் ஒன்றாகக் கார்ப்பை எண்ணினார்கள். உடற்றொழில் அறிந்தோரோ அதனைச் சுவையென்று ஒப்புக்கொள்வதில்லை. நாவிலே சூட்டை உணர்த்தும் நரம்புகள் இருக்கின்றன. கொதிநீர் பட்டால் எச்சரிப்பவை அவையே. மிளகாயிலுள்ள பொருள் அந்த நரம்பு நுனிகளில் உள்ள வாயிலைத் திறந்துவிடுகின்றது. சூடே இல்லாதபோது சூடு பட்டதாக மூளை நம்பிவிடுகின்றது. அந்த வாயிலை 1997-ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே வாய் எரிகிறது என்று நாம் சொல்வது வெறும் உவமையன்று. நரம்பைப் பொறுத்தவரை அது உண்மையே.

அந்தப் பொருளுக்குக் கப்சைசின் என்று பெயர். 1876-இல் திரெஷ் என்ற ஆங்கிலேயர் அதனைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். 1919-இல் நெல்சன் என்பவர் அதன் அமைப்பை விளக்கினார். இரண்டு துண்டுகளைப் பொருத்திச் செய்த பொருள் அது. ஒரு துண்டு, வனிலா வாசனைக்குக் காரணமான பொருளுக்கு நெருங்கிய உறவு. மற்றது ஒரு கொழுப்பமிலம். ஐஸ்கிரீமுக்கு மணம் தருவதற்கும் கண்ணில் நீர் வரச் செய்வதற்கும் இடையில் இத்தனை அண்மையான உறவு இருப்பது வேடிக்கைதான். நீரிலே அது எளிதிற் கரையாது; கொழுப்பிலே கரையும். வாய் எரியும்போது தண்ணீரைவிடத் தயிரோ பாலோ உதவுவது அதனால்.

எவ்வளவு உறைப்பு என்று அளப்பதற்கு 1912-இல் அமெரிக்காவில் ஸ்கோவில் என்ற மருந்தாளர் ஒரு வழி சொன்னார். மிளகாயின் சாற்றைச் சீனித் தண்ணீரில் மேலும் மேலும் கலந்து, சுவைத்துப் பார்ப்போருக்கு உறைப்புத் தெரியாமற் போகும்வரை ஐதாக்க வேண்டும். எத்தனை மடங்கு ஐதாக்கினோமோ அதுவே உறைப்பின் எண். இன்று அதனைக் கருவிகள் அளக்கின்றன. ஆயினும் அவர் பெயரால் அமைந்த அலகு நிலைத்துவிட்டது. குடைமிளகாய்க்கு அந்த எண் பூச்சியம். வடகிழக்கு இந்தியாவின் பூத் ஜொலோகியா மிளகாய்க்கு 2007-இல் பத்து இலட்சத்துக்கு மேல் அளந்திருக்கிறார்கள். நமது செத்தல் மிளகாய் இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ அமைதியாக இருக்கின்றது.

இனி, ஒரு மிளகாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவிலே வெண்மையான, பஞ்சுபோன்ற தண்டு ஒன்று தெரியும். விதைகள் அதிலேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். தாவரவியலார் அதனைச் சூல்வித்தகம் என்பர். உறைப்புப் பொருள் உண்டாகும் இடம் அதுவே. விதைதான் உறைப்பு என்று பலர் எண்ணுகிறோம். சமைக்கும்போது விதையை உதறிவிட்டால் உறைப்புக் குறையும் என்றும் சொல்லுகிறோம். குறைவது உண்மை. ஆனால் விதையோடு சேர்ந்து அந்த வெண்மைப் பகுதியும் போய்விடுவதே காரணம். விதை தானாக அந்தப் பொருளைச் செய்வதில்லை. சூல்வித்தகத்திலிருந்து அதன் மேல் ஒட்டிக்கொள்வதுதான் நம் நாவில் படுகின்றது.

நமது முதியவரின் வழக்குக்கு முக்கியமான சாட்சி இதுதான். எப்படியென்று சொல்கிறேன்.

ஒரு பூவிலே வேறொரு செடியின் மகரந்தம் வந்து விழுகின்றது. சூல் கருவுறுகின்றது, விதை உண்டாகின்றது. அந்த விதைக்குள் இருக்கும் முளை, தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த பிள்ளை. ஆனால் விதையைச் சூழ்ந்திருக்கும் காயின் தோல், சதை, நடுவிலுள்ள சூல்வித்தகம் யாவும் தாய்ச்செடியின் உடம்பிலிருந்து வளர்ந்தவை. அவற்றிலே தந்தையின் பங்கு ஒரு துளியும் இல்லை. நம் ஊர்ப் பனையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பெண்பனையின் பழம், எந்த ஆண்பனையின் மகரந்தம் வந்து சேர்ந்தாலும், அந்த மரத்துக்கே உரிய சுவையோடுதான் இருக்கும். "இந்த மரத்துப் பழம் கைக்கும், அந்த மரத்துப் பழம் இனிக்கும்" என்று சிறுவர்கள்கூட மரத்தைச் சுட்டிச் சொல்லுவார்கள். காற்று எந்தத் திசையிலிருந்து மகரந்தத்தைக் கொண்டுவந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

உறைப்பு உண்டாவது தாயின் உடம்பில். ஆகவே இந்த ஆண்டு மைத்துனரின் தோட்டத்திலிருந்து தேனீ கொண்டுவந்த மகரந்தம், இந்த ஆண்டுக் காயிலே உறைப்பை ஏற்ற வழியே இல்லை. அது செய்யக்கூடியது ஒன்றுதான்: காயினுள்ளே இருக்கும் விதைக்குள் ஒளிந்துகொள்வது. அந்த விதையை எடுத்து வைத்து, அடுத்த பருவத்தில் நாற்று மேடையில் இட்டு, நட்டு, அது வளர்ந்து காய்க்கும்போதுதான் கலப்பின் பயன் வெளிப்படும்.

முதியவரோடு தோட்டத்துக்குள் இறங்கிச் செடி செடியாகக் காய் பறித்து நுனிநாவில் வைத்துப் பார்த்தேன். ஒரு பெரிய செவ்வி நடந்தது என்று எண்ணவேண்டாம். அரைமணி நேரத்தில் என் நாக்கு மரத்துவிட்டது. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. ஒரு செடியிலே உறைப்பு என்றால் அதன் காய்கள் யாவும் உறைப்பு. பக்கத்துச் செடி சாதுவாக இருந்தால் அதன் காய்கள் யாவும் சாது. உறைப்புச் செடிகளின் காய்கள் சற்று ஒல்லியாகவும் இருந்தன. மகரந்தமே இந்தக் குழப்பத்தைச் செய்திருந்தால், ஒரே செடியிலே தேனீ வந்துபோன பூ ஒரு விதமாகவும், வராத பூ வேறு விதமாகவும் காய்த்திருக்க வேண்டும். அப்படி இல்லை. செடிக்குச் செடிதான் வேற்றுமை. ஆகவே அது நடும்போதே விதைக்குள் இருந்த வேற்றுமை.

"இந்த விதை எங்கே வாங்கினது, ஐயா?" என்று கேட்டேன். "வாங்கவில்லைத் தம்பி. போன முறை என்ரை தோட்டத்திலை நல்ல காயாய்ப் பழுக்க விட்டு நானே எடுத்தது" என்றார். போன முறை கறிமிளகாய்க்குப் பக்கத்தில் என்ன நின்றது என்று கேட்டபோது, அவர் சிறிது நேரம் பேசவில்லை. வீட்டுத் தேவைக்கென்று அவரே இரண்டு வரிசை பச்சை மிளகாய் நட்டிருந்தார்.

மிளகாய்ப் பூ இருபாற் பூ. தன் மகரந்தத்தாலேயே காய்க்க வல்லது. அதனாலே அது கலவாது என்று நம்பி ஏமாறுவோர் பலர். தேனீயும் பிற பூச்சிகளும் அதனை விட்டுவைப்பதில்லை. வெவ்வேறு இடங்களில் அளந்து பார்த்தவர்கள், சில இடங்களில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகவும் சில இடங்களில் பாதிக்கு மேலாகவும் பிறசெடி மகரந்தத்தால் விதை உண்டாவதைக் கண்டிருக்கிறார்கள். பூச்சிகளின் தொகையையும், காற்றையும், செடியின் வகையையும் பொறுத்தது அது.

மைத்துனர் குற்றமற்றவர் என்பது நிரூபணமாயிற்று. இனி, விதைக்குள் புகுந்த அந்தத் தன்மை எவ்வாறு நடந்துகொள்கின்றது என்று பார்ப்போம். இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உறைப்பு உண்டா, இல்லையா என்பது ஒரு கேள்வி. உண்டென்றால் எவ்வளவு என்பது வேறு கேள்வி. இவ்விரண்டுக்கும் பரம்பரையிலே வெவ்வேறு விதமான விடைகள் இருக்கின்றன. இதனை மயக்கிக்கொள்வதால்தான் தோட்டத்திலே பல ஏமாற்றங்கள் நேருகின்றன.

முதற் கேள்விக்கு விடை எளிது. சிறிதும் உறைப்பில்லாத குடைமிளகாயையும் உறைப்பு மிளகாயையும் கலந்தால், முதற் சந்ததிச் செடிகள் எல்லாம் உறைப்பாகவே இருக்கும். அந்தச் செடிகளைத் தம்முள் தாமே காய்க்கவிட்டு விதை எடுத்து நட்டால், நான்கிற்கு மூன்று உறைப்பு, நான்கிற்கு ஒன்று சாது என்ற விகிதம் வரும். பட்டாணிச் செடியிலே கிரகர் மெண்டல் என்ற துறவி கண்டு 1866-இல் வெளியிட்ட அதே விகிதம். இந்தியாவிலே தேஷ்பாண்டே என்ற ஆய்வாளர், இந்திய மிளகாய் வகைகளை ஆராய்ந்து, உறைப்பு ஒரே பரம்பரை அலகினால் ஆளப்படுகின்றது என்று 1935-இல் எழுதினார். ஆய்வுகூடத்துக் கருவிகள் அதிகமில்லாத அந்தக் காலத்தில், பெரும்பாலும் நாவையே கருவியாகக் கொண்டு கண்ட முடிவு, எழுபது ஆண்டு கழித்தும் பொய்க்கவில்லை.

ஒவ்வொரு செடியும் இந்த அலகை இரட்டையாக வைத்திருக்கின்றது. ஒன்று தாய் கொடுத்தது, மற்றது தந்தை கொடுத்தது. இரண்டும் உறைப்புக்குரியதாகவோ, ஒன்று மட்டும் அவ்வாறாகவோ இருந்தால் செடி உறைப்பு. இரண்டுமே பழுதானவையாக இருந்தால்தான் சாது. உறைப்பு ஆட்சியுடையது, சாதுத் தன்மை பின்னிடைவானது என்று பாடநூல்கள் சொல்வது இதையே.

ஏன் அப்படி? 2005-இல் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இதற்கு அழகான விடை தந்தனர். மேலே சொன்ன இரண்டு துண்டுகளையும் பொருத்தும் கடைசி வேலையைச் செய்யும் நொதியம் ஒன்று உண்டு. அந்த நொதியத்தைச் செய்வதற்குரிய கட்டளையே இந்த அலகு. குடைமிளகாயிலே அந்தக் கட்டளையின் தொடக்கப் பகுதி அறுந்து போயிருக்கின்றது. நொதியம் இல்லை, ஆகவே துண்டுகள் பொருந்துவதில்லை, உறைப்பும் இல்லை. ஒரு வீட்டிலே பூட்டுத் திறக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே போதும், கதவு திறந்துவிடும். அதுபோல, நல்ல பிரதி ஒன்று இருந்தாலே உறைப்பு உண்டாகிவிடும். குடைமிளகாயின் இனிமை, உண்மையில் ஓர் ஊனத்தின் பயன். அந்த ஊனத்தை மனிதன் விரும்பித் தேர்ந்து வளர்த்திருக்கிறான்.

இதன் விளைவை விதை எடுப்போர் கவனிக்க வேண்டும். சாதுவான செடி எதையும் ஒளித்து வைக்க முடியாது. அதனைத் தன் மகரந்தத்தாலேயே காய்க்க விட்டால் பிள்ளைகளும் சாதுவே. உறைப்புச் செடியோ சாதுத் தன்மையை வயிற்றுக்குள் மறைத்து வைத்திருக்கலாம். பார்த்தும் தெரியாது, சுவைத்தும் தெரியாது. அதன் விதையை நட்டுத்தான் அறிய வேண்டும். எத்தனை விதை? நாலு செடி நட்டுப் பார்த்து நாலும் உறைப்பென்று திருப்திப்பட்டால், மறைப்பு இருந்தும் அது நம் கண்ணில் படாமற்போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கின்றது. பதினாறு செடி நட்டுப் பதினாறும் உறைப்பானால், தவறுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பே உண்டு.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். நமது கறிமிளகாய் குடைமிளகாயைப் போல முற்றாக உறைப்பற்றது என்று சொல்ல முடியாது. அதில் இலேசான உறைப்பு எப்போதும் வந்து போகும். பச்சை மிளகாய்க்கும், கொச்சிக்காய்க்கும், கறிமிளகாய்க்கும் உள்ள வேற்றுமை பெரும்பாலும் அளவு பற்றியது. அளவை ஆள்வது ஓர் அலகன்று, பல. ஒவ்வொன்றும் சிறிது சிறிது கூட்டும் அல்லது குறைக்கும். ஆகவே கறிமிளகாயும் பச்சை மிளகாயும் கலந்தால் மூன்றுக்கு ஒன்று என்ற தெளிவான கணக்கு வராது. சந்ததியிலே இலேசு, நடுத்தரம், கடுமை என்று படிப்படியாக எல்லாத் தரமும் தோன்றும். முதியவரின் பாத்திகளில் நான் சுவைத்துப் பார்த்ததும் இதனையே. கடுமையாக உறைத்தவற்றை வியாபாரி கண்டுபிடித்தார்; நடுத்தரமானவை யாருடைய அடுப்பங்கரையிலோ அகப்பட்டிருக்கும்.

இதற்கு மேலே காலநிலையும் நிலமும் கை வைக்கின்றன. இறைப்புக் குறைந்து செடி வாடினால், பெரும்பாலான வகைகளில் உறைப்பு ஏறும். பங்குனி, சித்திரை வெயிலில் பழுத்த காயும் மழைநாட்களில் காய்த்ததும் ஒரே செடியிலேயே வேறுபடலாம். சுன்னாகத்துச் சந்தையில் நின்று "இந்தமுறை மிளகாய் நல்ல காரம்" என்று சொல்கிறவர் பரம்பரையைப் பற்றியும் சொல்கிறார், கிணற்று நீரைப் பற்றியும் சொல்கிறார்; இரண்டையும் பிரித்தறிய அவருக்கு வழியில்லை. ஆய்வாளருக்கும் அது எளிதன்று. அதற்காகத்தான் ஒரே வகையைப் பல இடங்களிலும் பல பருவங்களிலும் நட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மகா இலுப்பள்ளமையிலிருந்து வந்த எம்.ஐ. 1, எம்.ஐ. 2 முதலிய வகைகள் நம் தோட்டங்களுக்கு வருமுன் இத்தகைய சோதனைகளைக் கடந்து வந்தவையே.

தரத்தை ஓர் அலகும் அளவைப் பல அலகுகளும் ஆளும் இந்த முறை மிளகாயோடு நின்றுவிடவில்லை. உலகெங்கும் இன்று மிகுதியாக ஆராயப்படும் ஒரு செடியைச் சொல்லுகிறேன்: கஞ்சா. நம் நாட்டிலே சட்டம் தடுத்துள்ள செடி. சித்த, ஆயுள்வேத நூல்களிலே மருந்தாகவும் இடம்பெற்றது. மேனாடுகளில் நாருக்கும் விதைக்குமாகப் பயிரிடப்படுவது. அதிலே மயக்கம் தரும் பொருள் ஒன்று. அதனைச் சுருக்கமாக ரி.எச்.சி. என்பர். மயக்கம் தராத, மருந்துக்கு உதவும் மற்றொன்று சி.பி.டி. இரண்டும் ஒரே மூலப்பொருளிலிருந்து பிரிகின்ற உடன்பிறப்புகள். 2003-இல் டி மெய்யர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒன்றில் மட்டும் செழித்த செடியையும் மற்றதில் மட்டும் செழித்த செடியையும் கலந்தனர். முதற் சந்ததியில் எல்லாச் செடிகளிலும் இரண்டும் கலந்திருந்தன. அடுத்த சந்ததியில் நான்கிற்கு ஒன்று முதல் வகை, நான்கிற்கு இரண்டு கலப்பு, நான்கிற்கு ஒன்று இரண்டாம் வகை. இங்கே எதற்கும் ஆட்சி இல்லை. இரண்டும் ஒன்றையொன்று மறைக்காமல் தோன்றுகின்றன. ஆனால் இரண்டும் சேர்ந்த மொத்த அளவு எவ்வளவு என்பது, மிளகாயைப் போலவே, பல அலகுகளின் கூட்டு வேலை.

அமெரிக்காவிலே 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உலர்ந்த செடியில் ரி.எச்.சி. நூற்றுக்கு 0.3 பங்கைத் தாண்டினால் அது நார்ப்பயிர் என்ற மதிப்பை இழந்துவிடும். அங்குள்ள கமக்காரருக்கும் அயற்காணி மகரந்தம் ஒரு தலையிடியே. ஆயினும் கஞ்சாச் செடியில் அந்தப் பொருள்கள் உண்டாவது பெண்பூவைச் சூழ்ந்த சிற்றிலைகளின் மேலுள்ள சுரப்பிகளில். அவையும் தாயின் உடம்பே. ஆகவே அங்கும் அயல் மகரந்தத்தால் பொருளின் வகை மாறுவது அந்த ஆண்டுப் பயிரிலன்று, அதன் விதையில் வருகின்ற பிள்ளைகளிலேதான். கோப்பாயிலே மைத்துனரை விடுவித்த நியாயம் அங்கும் செல்லுபடியாகும்.

யாழ்ப்பாணத்தவர் நன்கறிந்த புகையிலையோ இன்னொரு வேடிக்கை காட்டுகின்றது. ஒரு காலத்தில் திருவிதாங்கூர்ச் சந்தைகளில் பெயர் பெற்றிருந்த யாழ்ப்பாணப் புகையிலையின் வீரியத்துக்குக் காரணமான நிக்கொட்டின், இலையில் உண்டாவதன்று. வேரிலே உண்டாகி இலைக்கு ஏறுகின்றது. 1940-களில் புகையிலை வேரின்மேல் தக்காளித் தண்டை ஒட்டிப் பார்த்தார்கள். தக்காளி இலையிலே நிக்கொட்டின் சேர்ந்தது. தக்காளி வேரின்மேல் புகையிலையை ஒட்டியபோது இலையிலே அது மிகச் சிறிதாயிற்று. நுனிக் குருத்தை முறித்துவிட்டால் இலை காரமேறும் என்று நம் தோட்டக்காரர் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தது, வேரை அதிக வேலை செய்யத் தூண்டும் உபாயம். பொருள் சேருமிடத்தை மட்டும் பார்த்து, அது பிறக்கும் இடத்தை மறந்துவிடக்கூடாது.

மிளகாய்க்கே திரும்புவோம். மிளகாய் நமக்கு அந்நியம் என்பதை நாம் மறந்தே போனோம். அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து, 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாக ஆசியாவுக்கு வந்த பயிர். அதற்கு முன் நம் கறிகளுக்குக் காரம் கொடுத்தது மிளகு. புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே சேர்த்து மிளகாய் என்றழைத்தார்கள். வந்தது விருந்தாளியாக, இன்று அதுவே வீட்டுக்காரன். 1970-களின் முற்பகுதியில் அரசாங்கம் மிளகாய், வெண்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பெற்ற வருவாயை நினைவுகூருவோர் இன்னும் இருக்கிறார்கள். கல்வீடு கட்டினார்கள், நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். 1977-இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது விலை விழுந்தது. பின்னர் வந்த போர்க்காலம் பலரைக் காணியிலிருந்தே பெயர்த்தது. இடம்பெயர்ந்து போனவர்கள் திரும்பி வந்தபோது காணி இருந்தது, கிணறு இருந்தது. பரம்பரையாக வைத்திருந்த விதை பல வீடுகளில் இருக்கவில்லை. ஒரு பருவம் விதைக்காமல் விட்டால் தாங்கும். பல பருவம் விட்டால் விதை முளைக்காது.

இன்று கடைகளிலே கலப்பின விதைப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. விளைச்சல் நன்று, காய்கள் ஒரே சீர். ஆனால் அவை முதற் சந்ததிக் கலப்புகள். அவற்றிலிருந்து விதை எடுத்து நட்டால், மேலே சொன்ன கணக்கின்படி தன்மைகள் யாவும் பிரிந்து சிதறும். ஆகவே ஒவ்வொரு பருவமும் பொட்டலம் வாங்கியே ஆகவேண்டும். வாங்குவது தவறென்று நான் சொல்ல வரவில்லை. காசுள்ளவர் வாங்கட்டும். சொந்த விதை வைத்திருக்க விரும்புகிறவருக்கு அதற்கான வழி தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

வழி யாது? இந்தியாவின் விதைச் சான்றுறுதி விதிகள், சான்று பெறும் மிளகாய் விதைக்கு வேறு மிளகாய் வகையிலிருந்து 200 மீற்றர் தூரம் கேட்கின்றன. அதற்கு மூலமான விதைக்கு 400 மீற்றர். நம் குடாநாட்டிலே இது நடக்கக்கூடிய காரியமா? 200 மீற்றர் நடந்தால் ஆறு பேருடைய காணியைக் கடந்துவிடுவோம். ஆகவே தூரத்துக்குப் பதில் திரை வேண்டும். நல்ல செடியாக எட்டோ பத்தோ தேர்ந்து, மொட்டு விரியுமுன்பே கிளைகளை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிக் கட்டிவிடுங்கள். நுளம்பு வலைத்துண்டே போதும். மூடுமுன் ஏற்கெனவே விரிந்த பூக்களையும் பிஞ்சுகளையும் கிள்ளிவிட வேண்டும். அவற்றுக்குள் யார் வந்து போனார்களோ நமக்குத் தெரியாது. தினமும் காலையில் கிளையை மெல்லத் தட்டிவிட்டால் பூ தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும். காய் பிடித்தபின் பையை அவிழ்த்து, அந்தக் காய்களுக்கு நூலால் அடையாளம் கட்டிவிடலாம்.

இன்னொன்று: விதைக்கென்று ஒரு காயைத் தேர்வதைவிட ஒரு செடியைத் தேருங்கள். பெரிய காய், அழகான காய் என்று சந்தைக் கண்ணோடு பார்த்து, யார் பெற்றதென்று தெரியாத காயிலிருந்து விதை எடுப்பதுதான் நம் வழக்கம். காயின் உருவம் அந்தத் தாய்ச்செடியின் செய்தி, அதன் அருகிலுள்ள மற்றக் காய்களையும் பாருங்கள், சுவையுங்கள். ஒரு செடியின் பல காய்கள் சாதுவாக இருந்தால், இலைச் சுருள் நோயும் அதனை அண்டாமல் இருந்தால், அந்தச் செடியை மூடி வைத்து விதை எடுங்கள். ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனிப் பொட்டலமாக வைத்து, அடுத்த பருவத்தில் தனித்தனி வரிசையாக நட்டால், எந்தத் தாயின் பிள்ளைகள் சீராக வந்தன, எவை சிதறின என்று நீங்களே காணலாம். சிதறிய வரிசையை முழுதாகக் கழித்துவிடுங்கள். அதிலேயுள்ள ஒரு நல்ல செடிமேல் ஆசை வைத்து விதை எடுத்தால், மறுபடியும் சிதறல்தான்.

கோப்பாய் முதியவருக்கு இதையெல்லாம் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். "உங்கடை படிப்பு உங்களோடை இருக்கட்டும்" என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். ஆனால் அடுத்த பருவம் போனபோது, கறிமிளகாய்ப் பாத்தியில் ஏழு செடிகளில் பழைய நுளம்பு வலையிலிருந்து வெட்டித் தைத்த பைகள் கட்டியிருந்தன. தைத்துக் கொடுத்தது யார் என்று கேட்டேன். வேலிக்கு அப்பாலே கையைக் காட்டினார். மைத்துனரின் மனைவி, அவருடைய சொந்தத் தங்கை, அங்கே கிணற்றடியில் செத்தல் மிளகாயைப் பாயிலே பரப்பிக்கொண்டிருந்தார்.